கைதட்டல் வசனம் வேண்டாம், தொண்டையை அடைத்த வசனம் சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:
பஞ்ச் டயலாக்குக்கு இங்கே ஏற்கெனவே இழைகள் நிறைய இருக்கின்றன. "நான் ஒரு தடவ சொன்னா நூறு தடவ சொன்ன மாதிரி" வகையறா எல்லாம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. படம் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால்கூடப் பதில் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்ட வசனம். ஒரே நிபந்தனை: வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டு ஓடக் கூடாது. யார் யாரிடம் சொன்னது, கேட்டவர் என்ன செய்தார், அதையும் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). சுந்தரவடிவேலு படம் முழுக்கக் கட்டியவளையும் ஊரையும் வதைத்தவன். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவன் கெஞ்சவில்லை, சவாலும் விடவில்லை. இதுவரைக்கும் நீங்கள் எல்லாரும் நல்லவர்களாக இருந்தீர்கள், இன்றைக்கு உங்களையும் என்னை மாதிரி மாற்றிவிட்டேன், நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். அதுவரை அவன் சாகட்டும் என்று காத்திருந்த நமக்கு அந்த நொடியில் திக்கென்று ஆகிறது. ஊர்ப் பெரியவர் யாராவது இதைச் சொல்லியிருந்தால் உபதேசம் என்று கடந்து போயிருப்போம். சாகப்போகிறவன், அதுவும் அந்த ஆள் சொல்வதால்தான் நெஞ்சில் இறங்குகிறது.

காளியின் தம்பி:
முதல் பதிவிலேயே மகேந்திரனா! அப்படியானால் அடுத்ததும் அவரேதான். 'முள்ளும் மலரும்' (1978). "ரெண்டு கையும் ரெண்டு காலும் போனாக்கூட இந்தக் காளி பொழச்சுக்குவான் சார், கெட்ட பய சார் அவன்." எல்லாரும் இதைக் கெத்து வசனமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் காட்சியைப் பாருங்கள். கை போய், வேலையும் போய், எதிரே நிற்கும் இன்ஜினீயரிடம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவன் சொல்லிக்கொள்ளும் தைரியம் அது. அதில் கெத்து எங்கே இருக்கிறது?

எனக்கு அதைவிடப் பெரிது கடைசிக் காட்சி. தங்கை வள்ளி கல்யாண ஊர்வலத்தை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவந்துவிடுகிறாள். காளிக்கு அது போதும். என் தங்கைக்கு என்னைவிட எதுவும் பெரிதில்லை என்று ஊருக்கு முன்னால் நிரூபணம் ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தானே அவளைக் கூட்டிப்போய் இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். அப்போதும் அவரிடம், உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கலை சார் என்கிறான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அந்த இடத்தில் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

ஞாயிறு ஒலிச்சித்திரம்:
தம்பிகளே, நிபந்தனை நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் காலத்து ஆட்களுக்கு வசனம் முதலில் காதுக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி, வெறும் குரலை வைத்தே கதை சொல்லிவிடும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்ததும் 'திருவிளையாடல்' வசனம் ஓடும். கேசட் வந்த பிறகு 'விதி' (1984) படத்தின் நீதிமன்றக் காட்சி டீக்கடை டீக்கடையாகக் கேட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமே பார்க்காதவன்கூட அதில் வரும் "வானம் பொழிகிறது, பூமி விளைகிறது" வசனத்தை மூச்சு விடாமல் சொல்வான். அதை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. கலைஞர் எழுதியது என்று இன்றும் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது 'மனோகரா' (1954). இதைத்தான் கலைஞர் எழுதினார். "பொறுத்தது போதும், பொங்கி எழு!" மிமிக்ரி மேடையில் அடித்து அடித்து அதைச் சிரிப்பாக்கிவிட்டார்கள். ஆனால் அதுவரை மகனைப் பொறு, பொறு என்று கட்டிப்போட்டு வைத்திருந்தவளே அந்தத் தாய்தான். மனோகரனைக் கட்டியிருக்கும் சங்கிலியைவிட அவள் வாங்கிய வாக்குதான் பெரிய கட்டு. கண்ணாம்பா அதை அவிழ்த்துவிடும்போது அவர் குரலில் கோபத்தோடு ஒரு வெட்கமும் இருக்கும், இத்தனை நாள் உன்னை ஏன் தடுத்தேன் என்பதுபோல. வாய்ப்புக் கிடைத்தால் படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கடைசி பெஞ்ச்:
ஐயா, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அந்தக் காலத்து அடுக்குமொழி வசனத்தைக் கேட்டால் எனக்குப் பிரமிப்பு வருகிறது, அழுகை வருவதில்லை. 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியும் அப்படித்தான். எழுதியவரின் திறமை முன்னால் வந்து நிற்கிறது, குணசேகரன் பின்னால் போய்விடுகிறான். கை தானாகத் தட்டும். தொண்டை அடைக்குமா?

ஞாயிறு ஒலிச்சித்திரம்:
அடைக்கும், எந்த இடத்தில் என்று தெரிந்து கேட்டால். "கோயில் கூடாது என்பதற்காக அல்ல, கோயில் கொடியவரின் கூடாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக" என்ற இடத்தில் கைதட்டல் வரும், அது அதற்காகவே எழுதப்பட்டது. 1952 தீபாவளிக்கு வந்த படம். அது வந்ததும் தடை செய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, அந்தச் சண்டைக்கான வசனம் அது.

ஆனால் அதன் பிறகு கல்யாணியைப் பற்றி "ஓடினாள், ஓடினாள், வாழ்க்கையின் ஓரத்துக்கே ஓடினாள்" என்று வருகிறதே, அங்கே நில்லுங்கள். அவள் விதவை. கைக்குழந்தையோடு சோற்றுக்கு வழியில்லாமல் அலைந்தவள். ஒதுங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒருவன் கை வைக்க வந்தான். கடைசியில் பிள்ளையை ஆற்றில் வீசினாள் என்று கூண்டில் நிற்கிறாள். அவள் வழக்கில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் கூடப்பிறந்த அண்ணன். பர்மாவிலிருந்து வந்த இன்னொரு அண்ணன் இதைச் சொல்கிறான். மூன்று பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அடுக்குமொழி காதில் விழாது. சிவாஜிக்கு அது முதல் படம் என்பதும் மறந்துபோகும்.

கடைசி பெஞ்ச்:
நீதிபதி அண்ணன் என்ற விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி பாதி பிறகு.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். வசனத்தைக் குறைத்துக் காட்டிய மகேந்திரன்தான் 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்குக் கதை வசனம் எழுதியவர். சிவாஜி மூச்சுப் பிடித்துப் பேசும் அந்தப் பாணியையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனார்.

சொக்கா:
கூட்டம் ரொம்ப சீரியஸாக இருக்கிறது. நான் ஒரு காமெடி சீன் கொண்டுவந்திருக்கிறேன், அடிக்காதீர்கள்.

'திருவிளையாடல்' (1965), தருமி. பாண்டியன் ஆயிரம் பொற்காசு அறிவித்துவிட்டான். பாட்டு எழுத வராத இந்த ஏழைப் புலவன் கோயிலில் தனியாக நின்று புலம்புகிறான். "எனக்கில்ல... எனக்கில்ல... சொக்கா!" ஆயிரத்தையும் ஒருத்தனுக்கே கொடுத்துவிடுவானே, அந்த ஒருத்தன் நான் இல்லையே என்று நாகேஷ் தூணுக்குத் தூண் நடக்கிறார். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் திரும்பப் பார்த்தபோது சிரிப்பே வரவில்லை.

அப்புறம் சபை. பாட்டில் பிழை இருக்கிறது என்று நக்கீரர் நிறுத்திவிடுகிறார் (நக்கீரராக நடித்தது இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான்). அதற்குத் தருமி, எவ்வளவு பிழை இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி பரிசைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்கிறான். தியேட்டரே சிரிக்கும் இடம். பசித்தவன் பேரம் பேசுகிறான் என்பது தெரிந்த பிறகு அதைப் பார்த்துச் சிரிக்க மனசு கொஞ்சம் யோசிக்கிறது. மண்டபத்தில் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள்.

காளியின் தம்பி:
சப்பாணியையும் இதில் சேருங்கள். "சந்தைக்குப் போகணும், ஆத்தா வையும், காசு குடு." இன்றைக்கு மேடைக் காமெடி. '16 வயதினிலே' (1977) பார்த்தவர்களுக்குத் தெரியும், கிராமத்தில் அவனை ஆளாளுக்கு வேலை வாங்கிவிட்டுக் கூலி தராமல் விரட்டுவார்கள். கூலி கேட்கக்கூடத் தெரியாதவன் ஆத்தாவைச் சாட்சிக்கு இழுக்கிறான்.

மாடிவீட்டு மைதிலி:
எல்லாரும் ஒன்றைக் கவனித்தீர்களா? கண்ணாம்பாவைத் தவிர இதுவரை வந்த வசனம் எல்லாம் ஆண்கள் பேசியது. கல்யாணிக்காகக்கூட அண்ணன்தான் பேசுகிறான். பெண்கள் அழுதார்கள், ஆண்கள் வசனம் பேசினார்கள் என்று நம் சினிமாவை ஒரு வரியில் முடித்துவிடலாம் போலிருக்கிறது.

என் பட்டியல். 'மௌன ராகம்' (1986), முதலிரவு முடிந்த நிலையில் டெல்லி வந்த திவ்யா கணவனிடம், நீங்க தொட்டா கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு என்கிறாள். என்ன கொடூரமான வாக்கியம்! அதைச் சொல்லும் ரேவதியின் முகத்தில் திமிர் இல்லை, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாத தவிப்பு. கேட்டவன் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. 1986இல் ஒரு தமிழ்ப் படத்துக் கணவன் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததே என் அம்மாவுக்கு ஆச்சரியம்.

அடுத்தது '96' (2018). "ரொம்ப தூரம் போயிட்டியா ராம்?" "உன்னை எங்க விட்டேனோ அங்கேயேதான் நிக்கிறேன் ஜானு." தொலைபேசியில் நடக்கும் சாதாரணப் பேச்சு. காரை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனாய் என்றுதான் கேள்வி. இரண்டு பேருக்கும் அதன் இன்னொரு அர்த்தம் ஒரே நேரத்தில் புரிகிறது, நமக்கும்.

மூன்றாவது 'அருவி' (2017). தொலைக்காட்சி அரங்கில் அதிதி பாலன் நிறுத்தாமல் பேசும் நீளமான பேச்சு. சமுதாயம் எதைச் சந்தோஷம் என்று சொல்லிக்கொடுக்கிறது, எதற்கெல்லாம் ஓடுகிறோம் என்று மூச்சு முட்ட அடுக்குகிறாள். ஒலிச்சித்திரம் ஐயா, நீங்கள் 'பராசக்தி'யை எப்படிக் கேட்டீர்களோ அப்படி நான் இதைக் கேட்டேன். கூண்டில் நிற்பவள் இந்தத் தடவை தானே பேசுகிறாள்.

ஞாயிறு ஒலிச்சித்திரம்:
அம்மா மைதிலி, கடைசி வாக்கியத்துக்கு என் வணக்கம். 'அருவி' பார்த்ததில்லை. இன்று இரவே பார்க்கிறேன்.

டப்பிங் அறை:
'96' பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். அந்தப் படத்தில் ஜானுவின் முகம் திரிஷா, குரல் சின்மயி. நீங்கள் சொன்ன "ரொம்ப தூரம் போயிட்டியா"வில் போயிட்டியாவுக்கும் ராமுக்கும் நடுவே ஒரு சின்ன மூச்சு வரும். அது இல்லாவிட்டால் வெறும் விசாரிப்பு.

நம் படங்களில் பெரும்பாலும் வசனம் படப்பிடிப்பில் பேசியது அல்ல. பிறகு ஓர் இருட்டு அறையில், திரையில் ஓடும் உதட்டைப் பார்த்துத் திரும்பப் பேசுவது. அந்தக் காலத்தில் காட்சியைச் சின்னச் சின்ன 'லூப்'பாக வெட்டி ஒட்டி, அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், சரியாக அமையும்வரை பேச வேண்டும். எதிரே நடிக்கும் ஆள் இருக்க மாட்டார், கண்ணீர் எப்போதோ காய்ந்திருக்கும். நடிகருக்கே அது கஷ்டம், இன்னொருவர் முகத்துக்குக் குரல் கொடுப்பவருக்கு இன்னும் கஷ்டம். அழுகைக் காட்சியில் சொற்களைவிட மூக்கை உறிஞ்சுவது, எச்சில் விழுங்குவது, பேச வாயெடுத்து நிறுத்துவது இவற்றுக்குத்தான் அதிக நேரம் ஆகும். வசனம் எழுதியவர் பெயர் டைட்டிலில் பெரிதாக வரும். மூச்சு கொடுத்தவர் பெயர் வேகமாக ஓடிவிடும்.

கரிசல்:
மூச்சு விஷயம் அருமை. நான் கொஞ்சம் சண்டைக்கு வருகிறேன்.

'தேவர் மகன்' (1992) இல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. பெரிய தேவர் மகனிடம் சொல்கிறார்: இன்றைக்கு நான் விதைக்கிறேன், நாளைக்கு நீ சாப்பிடுவாய், அப்புறம் உன் மகன் சாப்பிடுவான், அதையெல்லாம் பார்க்க நான் இருக்க மாட்டேன். "ஆனா வெதை, நான் போட்டது." உடனே அடுத்த மூச்சிலேயே, இதெல்லாம் என்ன பெருமையா, கடமை என்கிறார். சிவாஜி உடம்பு தளர்ந்திருந்த காலம். 'பராசக்தி'யில் இடிபோல முழங்கிய குரல் இங்கே கரகரத்து, தேய்ந்து, பேரப்பிள்ளையோடு பேசுவதுபோல வருகிறது. கமல் எதிரே எதுவும் செய்யாமல் நிற்கிறார், அதுதான் அந்தக் காட்சிக்கு அவர் செய்த பெரிய காரியம். முடிவில் அரிவாளோடு நிற்கும் ஊரைப் பார்த்து, போங்கடா, போய் புள்ளகுட்டிகளைப் படிக்க வைங்கடா என்று கதறுகிறானே, அதற்குப் பிறகு என்ன வேண்டும்?

நெல்லை எக்ஸ்பிரஸ்:
கரிசல் அண்ணே, வசனத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஊர்வலங்களில் ஒலிபெருக்கியில் எது ஓடியது? "புள்ளகுட்டிகளைப் படிக்க வைங்கடா" ஓடியதா? பாட்டுதான் ஓடியது. மாமன்னன் வெளியான சமயம் மாரி செல்வராஜ் மேடையிலேயே இதைப் பேசினார், 'தேவர் மகன்' தனக்குள் உண்டாக்கிய கலக்கத்தையும், அதில் வடிவேலு செய்த இசக்கி பாத்திரத்தையும் சேர்த்து.

என்னைக் கேட்டால் 'தேவர் மகன்' படத்தின் தொண்டையடைக்கும் வசனம் இசக்கியுடையதுதான். கோயில் பூட்டை உடைத்ததற்குக் கையை வெட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சின்னவரிடம், இனிமேல் தின்பதும் கழுவுவதும் ஒரே கையால்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். யார் சண்டைக்கு யார் கை போனது என்று படம் அதற்கு மேல் கேட்கவில்லை. வடிவேலுவின் சிரிப்பு கேட்டுவிடுகிறது.

கரிசல்:
பாட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனதற்கு வசனம் என்ன செய்யும் தம்பி? எழுதியவன் வெட்டாதே, படி என்றுதான் எழுதினான்.

நெல்லை எக்ஸ்பிரஸ்:
சரி, படிப்பு என்றே வைத்துக்கொள்வோம். 'அசுரன்' (2019) கடைசிக் காட்சி. சிவசாமி சின்ன மகனிடம்: "நம்மகிட்ட காடு இருந்தா எடுத்துக்குவானுவ, ரூவா இருந்தா புடுங்கிக்குவானுவ, ஆனா படிப்ப மட்டும் நம்மகிட்ட இருந்து எடுத்துக்கவே முடியாது சிதம்பரம்." இதையும் நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் படிக்கச் சொல்கின்றன. ஒன்று, அரிவாள் கையில் இருப்பவர்களைப் பார்த்து அவர்களில் ஒருவன் சொல்வது. இன்னொன்று, காடும் வீடும் பறிபோன ஒருவன் பிள்ளைக்குச் சொல்வது. அதோடு நிற்காமல், படித்து அதிகாரத்துக்குப் போனால் அவர்கள் நமக்குச் செய்ததை நீ யாருக்கும் செய்துவிடாதே என்றும் சொல்கிறான். ஜெயிலுக்குப் போகும் நேரத்தில் அவனுக்கு அந்தக் கவலை. எனக்கு அங்கேதான் உடைந்தது.

அப்புறம் 'பரியேறும் பெருமாள்' (2018). ஜோவின் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, இப்போது முடியாது, நாளைக்கு எல்லாம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் தம்பி என்கிற மாதிரி தயங்கித் தயங்கிப் பேசுகிறார். கொலைக்கு ஆள் வைத்த வீட்டுக்காரர், அந்த அளவு இறங்கிவந்ததே பெரிது என்று நாமே நினைக்கத் தொடங்கும்போது பரியன் சொல்கிறான்: நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை, நான் நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும்வரை இங்கே எதுவும் மாறாது. குரலை உயர்த்தவே இல்லை. பிறகு அந்த இரண்டு டீ கிளாஸ். அவரால் பதில் சொல்ல முடியவில்லை பாருங்கள், கடைசி பெஞ்ச் கேட்ட நிபந்தனைக்கு இதுதான் சரியான உதாரணம்.

கரிசல்:
பரியேறும் பெருமாளில் எனக்கு அந்தப் பிரின்சிபால். அடிவாங்கி அவமானப்பட்ட பையனைப் பற்றிச் சொல்லும்போது, அறைக்குள் தூக்கு மாட்டிச் சாவதைவிடச் சண்டை போட்டே சாகட்டும் என்கிறார். 'பூ' ராமு. அவர் இப்போது இல்லை. அந்த மனிதர் ஒரு காட்சியில் வந்து உட்கார்ந்தால் அந்தக் காட்சி அவருடையதாகிவிடும்.

கடைசி பெஞ்ச்:
சண்டை இதமாகப் போய்க்கொண்டிருக்கிறது, தொடருங்கள். சாதிப் பெயர் சொல்லித் தனிப்பட்ட தாக்குதல் வந்தால் மட்டும் நீக்கிவிடுவேன்.

யாழ்தேவி:
நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிற ஆள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஒருத்தரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வசனம் சுஜாதா.

ஒன்பதாவது பிறந்தநாளில், நீ எங்களுக்குப் பிறக்கவில்லை என்று அமுதாவிடம் அப்பா சொல்கிறார். அந்தக் காட்சியைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். எனக்கு முடிவுதான். பெற்ற தாயைத் தேடி வந்த பிள்ளை, கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்கள் என்று கேட்கும்போது அந்தத் தாய்க்கு அழுகை மட்டும்தான் வருகிறது. எங்களோடு வந்துவிடுங்கள் என்று பிள்ளை கூப்பிடுகிறாள். ஒருநாள் இங்கே அமைதி வரும், அப்போது நீ வா என்கிற மாதிரி ஒரு பதில்.

அந்த ஈழத்துப் பேச்சில் எங்கள் காதுக்கு இடறும் இடங்கள் நிறைய. படம் வந்த நேரம் போர்நிறுத்தம், அதனால் அந்த ஒருநாள் கிட்டத்தில் இருக்கிற மாதிரித்தான் எங்களுக்குப் பட்டது. 2009க்குப் பிறகு என்னால் அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்க முடியவில்லை. இது நல்ல வசனமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மாடிவீட்டு மைதிலி:
யாழ்தேவி அக்கா, எழுதியதற்கு நன்றி. அடிக்கடி எழுதுங்கள்.

புதுவரவு:
வணக்கம். கல்லூரி மாணவன். 'ஆரண்ய காண்டம்' (2011).
"உங்கப்பான்னா உனக்கு ரொம்பப் பிடிக்குமா?"
"அப்படியெல்லாம் இல்ல. ஆனா அவரு எங்கப்பா."
கேட்டது பசுபதி என்ற பாத்திரம், சொன்னது சின்னப் பையன் கொடுக்காப்புளி. குடிகாரத் தகப்பனைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிறான். இதற்கு விளக்கம் எழுத எனக்கு வரவில்லை, மன்னிக்கவும்.

காளியின் தம்பி:
விளக்கம் வேண்டாம் தம்பி. இதுவரை வந்ததில் இதுதான் சின்னது, எனக்கு இதுதான் முதலிடம்.

சொக்கா:
'அன்பே சிவம்' (2003) எங்கே? முன்பின் தெரியாத ஒரு பையன் ஆம்புலன்ஸில் செத்துப்போனதற்காக மாதவன் அழுகிறார். அப்போது கமல், யாரென்றே தெரியாத பையனுக்காகக் கண்ணீர் விடுகிற அந்த மனசு இருக்கிறதே, அதுதான் கடவுள் என்கிறார். அந்தப் பொங்கலுக்குப் படம் ஓடவில்லை, பிறகு தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துக் கொண்டாடினோம்.

கடைசி பெஞ்ச்:
அடி விழும் என்று தெரிந்தே சொல்கிறேன், எனக்கு அந்த இடத்தில் மாதவன் அழுவதே போதும். கமல் வந்து அதற்குப் பொருள் சொன்னது எனக்கு அதிகம்தான். 'நாயகன்' (1987) பாருங்கள், பேரன் வந்து, நீங்க நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். வேலு நாயக்கர் வாழ்க்கை முழுக்க "நாலு பேருக்கு நல்லதுன்னா எதுவுமே தப்பில்ல" என்று பதில் வைத்திருந்தவர். மகள் சாருவிடம்கூட, அவனை நிறுத்தச் சொல், நான் நிறுத்துகிறேன் என்று வாதாடியவர். அந்தப் பிள்ளையிடம் மட்டும் "தெரியலையேப்பா" என்கிறார். கையில் இருந்த வசனம் எல்லாம் தீர்ந்துபோன ஆள். பாலகுமாரன் அங்கே பேனாவை மூடி வைத்தாரே, அதற்குத்தான் என் ஓட்டு.

சொக்கா:
'அன்பே சிவம்' பற்றிச் சொன்னதற்குத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். மதன் எழுத்தைத் தொட்டால் சும்மா விட மாட்டோம்.

டப்பிங் அறை:
வசனம் இல்லாத ஒன்றைச் சொல்லலாமா? 'மூன்றாம் பிறை' (1982), ரயில் நிலையம். சீனுவால் பேசிப் புரியவைக்க முடியவில்லை, குட்டிக்கரணம் போட்டு, குரங்கு வித்தை காட்டுகிறான். "விஜி... விஜி..." அவ்வளவுதான். அவள் பிச்சைக்காரன் என்று நினைத்து உணவை வீசுகிறாள்.

கடைசி பெஞ்ச்:
விதிமீறல். ஆனால் அனுமதிக்கப்பட்டது.

ஞாயிறு ஒலிச்சித்திரம்:
'அருவி' பார்த்தேன். மைதிலி சொன்னது சரி. எனக்கு அந்தப் பேச்சில் நடுவில் அவள் குரல் கம்மும் இடம் பிடித்தது. எங்கள் காலத்து வசனத்தில் குரல் கம்மக் கூடாது, அப்படிக் கம்மினால் கடைசி வரிசைக்குக் கேட்காது. நாடக மேடையிலிருந்து வந்த பழக்கம் அது.

கடைசி பெஞ்ச் இன்னும் பாதி பாக்கி வைத்திருக்கிறார், அதற்காக ஒன்று சொல்கிறேன். 'பாசமலர்' (1961), எழுதியவர் ஆரூர்தாஸ். தங்கை ராதாவை ஆனந்தனிடம் ஒப்படைக்கும்போது ராஜசேகரன், என் கண்ணையே உன்னிடம் கொடுக்கிறேன், அதில் எப்போதும் ஆனந்தக் கண்ணீரை மட்டும்தான் நான் பார்க்க வேண்டும் என்கிறான். கல்யாண வீட்டில் யாரும் சொல்லக்கூடிய அலங்காரப் பேச்சு. ஜெமினி பணிவாகக் கேட்டுக்கொள்வார், படமும் நகர்ந்துவிடும். வெகு நேரம் கழித்து, சொத்து போய், வீடு போய், தங்கை வீட்டு வாசலில்கூட நிற்க முடியாமல் போன அந்த அண்ணன், தீபாவளி வெடியிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கண்ணை இழக்கிறான். இப்போது அவள் கண்ணில் என்ன கண்ணீர் என்று பார்க்க அவனுக்குக் கண் இல்லை. ஆரூர்தாஸ் பழைய வசனத்தை யாரையும் திரும்பச் சொல்ல வைக்கவில்லை. நினைவிருப்பவன் அழட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் அவர்கள் பேசுவது "கைவீசம்மா கைவீசு". குழந்தைப் பாட்டு.

அடுக்குமொழிக் காலத்து ஆட்களுக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது தம்பி.

கடைசி பெஞ்ச்:
மீதி பாதியும் கொடுத்தாயிற்று ஐயா.

மாடிவீட்டு மைதிலி:
அதே காட்சியில் சாவித்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னேனா இல்லையா?

ஞாயிறு ஒலிச்சித்திரம்:
சாவித்திரியைப் பற்றி ஒரு வார்த்தையில் எழுத முடியாது அம்மா. தனி இழை திறங்கள், முதல் பதிவு என்னுடையது.